வெயில் அடித்தால் நிரம்பும் ஏரி!



பல ஆண்டுகளுக்கு முன்னால் ஏழாம் வகுப்பில் தட்பவெப்பநிலை பற்றிப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். "பூமியின் தட்பவெப்பம் எப்போதும் ஒரே மாதிரி இருந்ததில்லை. ஆயிரம், இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் சில இடங்கள் இப்போது இருப்பதைவிடக் குளிராக இருந்திருக்கின்றன" என்று சொன்னேன்.

கடைசி பெஞ்சிலிருந்து ஒரு மாணவி எழுந்தாள். "சார், அப்போ தெர்மாமீட்டரே கிடையாதே! அந்தக் குளிரை யார் அளந்து எழுதி வச்சாங்க?" என்று கேட்டாள்.

வகுப்பே என்னைத் திரும்பிப் பார்த்தது. "விஞ்ஞானிகள் கண்டுபிடித்திருக்கிறார்கள், உட்காரும்மா" என்று சமாளித்துவிட்டேன். அது பதிலே இல்லை என்பது அவளுக்கும் தெரிந்தது, எனக்கும் தெரிந்தது. அந்தக் கேள்விக்குப் பிறகு நான் தேடிப் படித்த விடைகளில் மிகவும் சுவையான ஒன்றை இன்று உங்களுக்குச் சொல்கிறேன். அவளுக்குப் பட்ட கடனை உங்களிடம் தீர்க்கிறேன் என்று வைத்துக்கொள்ளுங்களேன்!

பனி இல்லாத பனிக்கண்டம்

நாம் போகப்போகும் இடம் அண்டார்டிகா. அந்தக் கண்டத்தின் நிலப்பரப்பில் மனிதர்கள் முதன்முதலாகக் குளிர்காலம் முழுவதும் தங்கியது 1899-ம் ஆண்டில்தான். அதற்கு முன் அங்கே என்ன வெப்பநிலை இருந்தது என்று எழுதிவைக்க ஆளே இல்லை. கல்வெட்டு இல்லை, ஓலைச்சுவடி இல்லை. ஆனால் அங்குள்ள சில ஏரிகள் எழுதிவைத்திருக்கின்றன. பேனாவால் அல்ல, உப்பால்!

அண்டார்டிகா என்றாலே கண்ணுக்கு எட்டிய தூரம் வரை வெள்ளைவெளேர் என்று பனி இருக்கும் என்றுதானே நினைக்கிறோம்? பெரும்பாலும் அப்படித்தான். ஆனால், அங்கே மக்மர்டோ உலர் பள்ளத்தாக்குகள் என்று ஓர் இடம் இருக்கிறது. பரப்பளவு 4,000 சதுர கிலோமீட்டருக்கும் அதிகம். அங்கே தரையில் பனி இல்லை. பாறையும் சரளைக் கல்லும் மணலும்தான். மழை பெய்வதில்லை. விழுகிற கொஞ்சநஞ்சப் பனியையும் வறண்ட காற்று அடித்துக்கொண்டு போய்விடும். உலகின் மிக வறண்ட பாலைவனங்களில் இதுவும் ஒன்று.

இந்தப் பாலைவனத்தில் ஏரிகள் இருக்கின்றன. அவற்றின் மேற்பரப்பு ஆண்டு முழுவதும் சில மீட்டர் தடிமனுள்ள பனிக்கட்டியால் மூடியிருக்கும். அந்த மூடிக்குக் கீழே தண்ணீர்!

நம் ஊருக்கு நேர்மாறு

இந்த ஏரிகளுக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? மலைச்சரிவுகளில் பனியாறுகள் இருக்கின்றன. பனிக்கட்டி மலைபோலக் குவிந்து, மிக மெதுவாக நகருவதைத்தான் பனியாறு என்கிறோம். அங்கே கோடைக்காலத்தில் சூரியன் மறைவதே இல்லை. அந்தச் சில வாரங்களில் பனியாறுகளின் ஓரம் கொஞ்சம் உருகும். உருகிய நீர் சிறு சிறு ஓடைகளாக ஓடி ஏரிக்கு வரும். கோடை முடிந்ததும் ஓடைகள் உறைந்து நின்றுவிடும்.

சரி, ஏரித் தண்ணீர் எப்படி வெளியே போகிறது? மதகு கிடையாது, கலிங்கு கிடையாது, கடலுக்குப் போகும் ஆறும் கிடையாது. ஒரே ஒரு வழிதான் உண்டு. மேலே மூடியிருக்கும் பனிக்கட்டி, தண்ணீராக உருகாமலேயே நேராக ஆவியாகிவிடும். இதைப் பதங்கமாதல் என்று பாடத்தில் படித்திருப்பீர்கள். பீரோவில் வைத்த அந்துருண்டை நாளாக ஆகச் சிறுத்துக் காணாமல் போகிறதே, அதேதான்!

இப்போது யோசித்துப் பாருங்கள். நம் ஊரில் வெயில் கொளுத்தினால் ஏரி வற்றும். அங்கே வெயில் அடித்தால் பனியாறு உருகும், ஏரி நிரம்பும். கோடை குளிராக இருந்தால் ஓடையில் தண்ணீர் வராது. பனிக்கட்டி மட்டும் ஆவியாகிக்கொண்டே இருக்கும். ஏரி வற்றும்!

அதாவது, ஏரியின் நீர்மட்டம்தான் அங்கே தெர்மாமீட்டரின் பாதரசம். கோடை இதமாக இருந்த காலத்தில் மட்டம் ஏறும். குளிர்ந்த காலத்தில் இறங்கும். காற்றும் மேகமூட்டமும் பனிப்பொழிவும் இதில் கொஞ்சம் விளையாடும் என்பதையும் விஞ்ஞானிகள் மறப்பதில்லை.

தண்ணீர் போகும், உப்பு போகாது

அம்மா அடுப்பில் குழம்பை வைத்துவிட்டு மறந்துபோனால் என்ன ஆகும்? குழம்பு சுண்டிவிடும். வாயில் வைத்தால் உப்புக் கரிக்கும். அம்மா கூடுதலாக உப்புப் போடவில்லை. தண்ணீர் ஆவியாகிப் போய்விட்டது, உப்பு போகவில்லை. அவ்வளவுதான்!

ஏரியிலும் இதே கதைதான். பாறைகளிலிருந்து துளித்துளியாகக் கரைந்து வந்த உப்புகள் ஏரியில் சேருகின்றன. வெளியேற வழி இல்லாததால் அங்கேயே தங்கிவிடுகின்றன. ஏரி வற்ற வற்ற உப்பு ஏறுகிறது. மறுபடி தண்ணீர் வந்தால் உப்பு நீர்த்துப்போகிறது. ஆகவே, "இந்த ஏரி முன்பு எவ்வளவு உப்பாக இருந்தது?" என்று கண்டுபிடித்துவிட்டால், "எவ்வளவு தண்ணீர் இருந்தது?" என்பது தெரியும். அது தெரிந்தால் "எப்படிப்பட்ட தட்பவெப்பம் நிலவியது?" என்பதும் தெரியும்.

அடியில் வெந்நீர்!

இந்தப் பள்ளத்தாக்குகளில் ஒன்றில் வாண்டா என்ற ஏரி இருக்கிறது. 1958-59-ல் அங்கே ஆராய்ச்சிக்குச் சென்ற காலின் புல் என்பவர் முன்பு வளர்த்த ஒரு வண்டி இழுக்கும் நாயின் பெயர் அது! ஏரிக்குத் தண்ணீர் கொண்டுவருவது ஓனிக்ஸ் ஆறு. நீளம் சுமார் 32 கிலோமீட்டர். அண்டார்டிகாவின் மிக நீளமான ஆறு இதுதான். வேடிக்கை என்னவென்றால், இது கடலை நோக்கி ஓடாமல், கடலோரப் பக்கமிருந்து உள்நாட்டை நோக்கி ஓடுகிறது!

வாண்டாவின் பனிமூடியில் துளை போட்டு, கயிற்றில் கருவியைக் கட்டி இறக்கிப் பார்த்த விஞ்ஞானிகள் திகைத்துப் போனார்கள். மேலே தண்ணீர் உறைநிலைக்கு அருகில் இருந்தது. கீழே போகப் போகச் சூடு ஏறியது. சுமார் 70 மீட்டர் ஆழத்தில், ஏரியின் அடியில், ஏறக்குறைய 25 டிகிரி செல்சியஸ்! குளிப்பதற்கு இதமான தண்ணீர்!

அடியில் எரிமலை இருக்கிறதோ என்று கூடச் சந்தேகம் வந்தது. உண்மை அதுவல்ல என்று 1962-ல் அலெக்ஸ் வில்சன், ஹரால்ட் வெல்மன் என்ற நியூசிலாந்து விஞ்ஞானிகள் விளக்கினார்கள். கண்ணாடி போலத் தெளிந்த பனிக்கட்டி வழியாகவும் தண்ணீர் வழியாகவும் சூரிய ஒளி அடிவரை போகிறது. அடியில் இருப்பது கடல்நீரைவிட மூன்று மடங்குக்கும் மேல் உப்பான நீர். அதில் பெரும்பகுதி நாம் சமையலுக்குப் போடும் உப்பு அல்ல, கால்சியம் குளோரைடு. உப்புநீர் கனமானது. சூடானாலும் மேலே எழும்ப முடியாமல் அடியிலேயே கிடக்கிறது. வாங்கிய வெப்பத்தையும் விடுவதில்லை.

சரி, ஒரே ஏரியில் மேலே நன்னீர், கீழே கடும் உப்புநீர். இது எப்படி வந்தது? அங்கேதான் நம் மாணவியின் கேள்விக்கு விடை ஒளிந்திருந்தது!

உப்புக் கடிகாரம்

அறையின் ஒரு மூலையில் ஊதுபத்தி ஏற்றினால் கொஞ்ச நேரத்தில் மறுமூலைக்கும் வாசனை வருகிறது அல்லவா? இப்படி அடர்த்தியான இடத்திலிருந்து அடர்த்தி குறைந்த இடத்துக்குப் பரவுவதை விரவுதல் என்கிறோம். தண்ணீரில் உப்பும் இப்படித்தான் விரவும். ஆனால் யாரும் கலக்கிவிடாத, அசையாத தண்ணீரில் அது ஆமையைவிட மெதுவாக நடக்கும்.

ஒரு சின்னக் கணக்கு போடலாமா? அசையாத நீரில் உப்பு 1 சென்டிமீட்டர் பரவ ஒரு நாள் ஆகிறது என்று தோராயமாக வைத்துக்கொள்ளுங்கள். 2 சென்டிமீட்டர் பரவ இரண்டு நாள் போதும் என்கிறீர்களா? இல்லை, நான்கு நாள் ஆகும். தூரம் 10 மடங்கானால் நேரம் 100 மடங்காகும். இதுதான் விரவுதலின் விதி. அப்படியானால் 1 மீட்டர் பரவ 10,000 நாள், அதாவது சுமார் 27 ஆண்டுகள். 10 மீட்டர் பரவ 10 லட்சம் நாள், அதாவது ஏறக்குறைய 2,700 ஆண்டுகள்! பார்த்தீர்களா, எவ்வளவு பொறுமையான கடிகாரம்!

அலெக்ஸ் வில்சன் இந்தக் கடிகாரத்தைத்தான் படித்தார். வாண்டாவின் ஒவ்வோர் ஆழத்திலும் உப்பு எவ்வளவு இருக்கிறது என்று பார்த்தார். ஒரு காலத்தில் ஏரி வற்றி வற்றி, அடியில் ஒரு சிறிய உப்புக்குட்டையாகச் சுருங்கியிருக்க வேண்டும். பிறகு தட்பவெப்பம் மாறி, ஓனிக்ஸ் ஆற்றில் நன்னீர் பாய்ந்து வந்து அந்தக் குட்டையின் மேல் நிரம்பியிருக்க வேண்டும். மேலே பனிமூடி இருந்ததால் காற்று வந்து கலக்கவில்லை. அன்றிலிருந்து உப்பு மெல்ல மெல்ல மேல்நோக்கி விரவிக்கொண்டிருக்கிறது. இப்போது அது எட்டியிருக்கும் உயரத்துக்கு எத்தனை ஆண்டு ஆகியிருக்கும்?

கணக்குப் போட்டார். விடை: சுமார் 1,200 ஆண்டுகள்! 1964-ல் இதை உலகுக்கு அறிவித்தார்.

ஒரே ஒரு சாட்சி சொன்னால் போதுமா? பக்கத்தில் டெய்லர் பள்ளத்தாக்கில் ஹோர், ஃபிரிக்செல் என்ற ஏரிகள் இருக்கின்றன. அவையும் ஏறத்தாழ 1,000 முதல் 1,200 ஆண்டுகளுக்கு முன் வற்றிப்போயிருந்தன என்று வேறு விஞ்ஞானிகள் 1998-ல் வெளியிட்ட ஆய்வு சொன்னது. பக்கத்து வீட்டுக்காரர்களும் அதே சாட்சியைச் சொன்னதால் நம்பிக்கை பலப்பட்டது.

நீங்களே செய்து பாருங்கள்!

தேவை: இரண்டு கண்ணாடி டம்ளர், உப்பு, இரண்டு சொட்டுப் பேனா மை, ஒரு ஸ்பூன்.

1. தண்ணீரில் நாலைந்து ஸ்பூன் உப்பைக் கரைத்து, மை சேருங்கள். இரண்டு டம்ளரிலும் பாதி அளவுக்கு ஊற்றுங்கள்.

2. முதல் டம்ளரில், நீர்ப்பரப்பை ஒட்டினாற்போல் ஸ்பூனைக் கவிழ்த்துப் பிடித்து, அதன் முதுகின் மேல் சாதாரணத் தண்ணீரை மெல்ல மெல்ல ஊற்றுங்கள். கீழே வண்ண உப்புநீர், மேலே தெளிந்த நீர் என்று இரண்டு அடுக்கு நிற்கும். இதுதான் உங்கள் வாண்டா ஏரி!

3. இரண்டாவது டம்ளரிலும் அதேபோல ஊற்றிவிட்டு, ஸ்பூனால் ஒரு கலக்கு கலக்குங்கள். அடுக்கு உடனே மறைந்துவிடும்.

4. முதல் டம்ளரை ஆடாமல் அசையாமல் ஓர் ஓரமாக வைத்து, ஒரு மணி நேரம் கழித்தும், மாலையிலும், மறுநாளும் பாருங்கள். எல்லைக்கோடு எவ்வளவு மங்கியிருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

கோடு எவ்வளவு மங்கியிருக்கிறதோ, அவ்வளவு நேரம் ஆகியிருக்கிறது. வில்சன் பார்த்ததும் இதைத்தான். (தண்ணீரைக் குடித்துவிடாதீர்கள், மை கலந்திருக்கிறது!)

கரையில் கோடு, சேற்றில் ஓடு

உப்பு மட்டுமல்ல, இன்னும் இரண்டு சாட்சிகள் உண்டு.

முதல் சாட்சி, கரை. தண்ணீர்த் தொட்டியில் நீர் இறங்கினால் பழைய மட்டம் சுவரில் கறையாகத் தெரியுமே, அதுபோல வாண்டாவைச் சுற்றியுள்ள சரிவுகளில் பழைய கரைகள் படிப்படியாகத் தெரிகின்றன. இன்றைய மட்டத்தைவிட மிக உயரத்திலும் அவை இருக்கின்றன. அந்தக் கரைகளில் காய்ந்துபோன பாசி கிடைக்கிறது. அதிலுள்ள கார்பனை ஆராய்ந்து வயதைக் கணித்தார்கள். சில ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வாண்டா இப்போதைவிடப் பெரிய ஏரியாக இருந்தது தெரிந்தது. பெரிய ஏரி, பிறகு உப்புக்குட்டை, மறுபடியும் ஏரி. மூன்று காட்சி நாடகம் போல இல்லை?

இரண்டாவது சாட்சி, சேறு. இதற்கு நாம் அண்டார்டிகாவின் இன்னொரு பகுதிக்குப் போக வேண்டும். ஆஸ்திரேலியாவின் டேவிஸ் ஆய்வு நிலையம் இருக்கும் வெஸ்ட்ஃபோல்டு குன்றுகள் அது. அங்கே நன்னீர் ஏரியும் உண்டு, கடலைவிடப் பத்து மடங்கு உப்பான ஏரியும் உண்டு. இந்த ஏரிகளில் டயாட்டம் என்ற நுண்ணிய பாசி வாழ்கிறது. கண்ணுக்குத் தெரியாத அந்த உயிரியின் உடலைச் சுற்றி, கண்ணாடி போன்ற சிலிக்கா ஓடு இருக்கும். ஒவ்வொரு வகைக்கும் ஒவ்வொரு விதமான ஓடு, ஒவ்வொரு விதமான அழகு! சில வகைகளுக்கு நன்னீர்தான் பிடிக்கும். சில வகைகள் உப்புநீரில்தான் செழிக்கும்.

டயாட்டம் இறந்ததும் ஓடு அடியில் விழுகிறது. அதன்மேல் சேறு படிகிறது. ஆண்டுக்கு ஆண்டு அடுக்கு மேல் அடுக்கு. விஞ்ஞானிகள் நீண்ட குழாயைச் சேற்றில் இறக்கி, அடுக்கு கலையாமல் அப்படியே எடுக்கிறார்கள். முதலில், இன்று எந்த உப்பில் எந்த வகை டயாட்டம் வாழ்கிறது என்று பல ஏரிகளில் பார்த்துப் பட்டியல் போடுகிறார்கள். பிறகு பழைய சேற்றிலுள்ள ஓடுகளை மைக்ரோஸ்கோப்பில் எண்ணி, பட்டியலோடு ஒப்பிடுகிறார்கள். அன்று ஏரி எவ்வளவு உப்பாக இருந்தது என்பது புரிந்துவிடும்!

அங்குள்ள ஏஸ் என்ற ஏரியின் சேறு ஒரு சரித்திரமே சொன்னது. முதலில் அது நன்னீர் ஏரி. பிறகு கடல் உள்ளே வந்தது. பிறகு நிலம் உயர்ந்து கடலிலிருந்து பிரிந்து, தனி உப்பு ஏரியாகிவிட்டது!

ஒரு நோட்டுப் புத்தகமும் 17 அடியும்

ஏரி எழுதியதைப் பார்த்தோம். மனிதன் எழுதிய ஒரு வரியும் இங்கே பெரிய பொக்கிஷமாகிவிட்டது.

1903-ம் ஆண்டு டிசம்பர் மாதம், ராபர்ட் ஃபால்கன் ஸ்காட் என்ற ஆங்கிலேயர் இரண்டு தோழர்களுடன் டெய்லர் பள்ளத்தாக்கில் இறங்கி நடந்தார். அங்கே மனிதர் காலடி பட்டது அதுதான் முதல்முறை. போனி என்று பின்னாளில் பெயர் பெற்ற ஏரியைக் கண்டார். இரண்டு பெரிய பகுதிகளை ஓர் இடுக்கு இணைத்தது. அந்த இடுக்கின் அகலம் 17 அடி என்று ஸ்காட் குறித்துவைத்தார்.

யாருக்கு வேண்டும் அந்த 17 அடி என்று அன்று தோன்றியிருக்கலாம். ஆனால் பிற்கால விஞ்ஞானிகள் அந்த எண்ணை வைத்துத்தான் 1903-ல் ஏரியின் மட்டம் எங்கே இருந்தது என்று கணக்கிட்டார்கள். இன்று அந்த இடுக்கு பல மடங்கு அகலமாகிவிட்டது. ஏரியின் மட்டம் 10 மீட்டருக்கும் அதிகமாக உயர்ந்திருக்கிறது. அதாவது மூன்று மாடிக் கட்டடத்தின் உயரம்!

வீட்டைக் காலி செய்ய வைத்த ஏரி

வாண்டாவின் கரையில் நியூசிலாந்துக்காரர்கள் 1960-களின் இறுதியில் ஓர் ஆய்வு நிலையம் கட்டினார்கள். கோடையில் ஏரியின் ஓரப் பனி உருகும்போது அதில் முங்கி எழுந்தவர்களைச் சேர்த்துக்கொள்ள ஒரு 'நீச்சல் சங்கம்' கூட வைத்திருந்தார்கள்! ஆனால் ஏரி ஏறிக்கொண்டே வந்தது. ஏரியை அளக்க வந்தவர்களின் வீட்டு வாசலுக்கே ஏரி வந்துவிடும் நிலை. தண்ணீர் மாசுபடக்கூடாது என்பதால் 1990-களின் முதல் பாதியில் நிலையத்தைப் பிரித்து அகற்றிவிட்டார்கள்.

நேராக ஏறிக்கொண்டேதான் போகிறதா என்றால், அதுவும் இல்லை. டெய்லர் பள்ளத்தாக்கில் 1980-களின் பிற்பகுதியிலிருந்து 2000 வரை கோடைகள் குளிர்ந்தன, ஏரிகள் இறங்கின. 2001-02 கோடையில் திடீரென்று வெப்பம் கூடியது. ஓடைகள் பெருக்கெடுத்தன. பல ஆண்டுகளாக இறங்கியதை ஏரிகள் ஒரே கோடையில் மீட்டுவிட்டன! சில டிகிரி வெப்பம் அங்கே எவ்வளவு பெரிய விளைவை உண்டாக்கும் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா?

மாமரமும் கல்லும்

உங்களில் ஒரு கெட்டிக்காரர் கேட்கலாம்: "அந்தக் காலத்திலேயே தட்பவெப்பம் தானாக மாறியிருக்கிறது. அப்படியானால் இப்போது பூமி சூடாவதும் தானாக நடப்பதுதானே?"

நல்ல கேள்வி. இதற்கு ஒரு பதில் கேள்வி. போன வருடம் பலத்த காற்றில் தோட்டத்து மாங்காய்கள் விழுந்தன. இந்த வருடம் காற்றே இல்லை; ஆனாலும் மரத்தடியில் மாங்காய் கிடக்கிறது. பக்கத்தில் கற்களும் கிடக்கின்றன. "போன வருடம் காற்றில் விழுந்ததே, இதுவும் அப்படித்தான்" என்று சொன்னால் தோட்டக்காரர் விடுவாரா?

நிலக்கரியும் பெட்ரோலும் எரிப்பதால் காற்றில் கார்பன் டை ஆக்சைடு கூடியிருக்கிறது. பூமி சூடாவதற்கு முக்கியக் காரணம் அதுதான் என்பதை விஞ்ஞானிகள் உறுதியாகச் சொல்கிறார்கள். இயற்கை தானாக எவ்வளவு ஆடும், மனிதன் எவ்வளவு ஆட்டுகிறான் என்று பிரித்துப் பார்க்க, மனிதன் கை வைப்பதற்கு முந்தைய கணக்கு வேண்டும். அந்தக் கணக்கு எழுதப்பட்ட நோட்டுகளில் ஒன்றுதான் இந்த ஏரிகள். அதனால்தான் அவற்றை மாசுபடுத்தாமல், அடுக்கைக் கலைக்காமல் பாதுகாக்கிறார்கள். ஸ்பூனால் கலக்கிய உங்கள் இரண்டாவது டம்ளரில் ஏதாவது படிக்க முடிந்ததா?

அண்டார்டிகாவில் நம் நாட்டுக்கும் இரண்டு ஆய்வு நிலையங்கள் உண்டு. 1989-ல் தொடங்கிய மைத்ரியும், 2012-ல் தொடங்கிய பாரதியும். மைத்ரிக்குக் குடிநீர் தருவதே பிரியதர்ஷினி என்ற ஏரிதான்! அந்தப் பகுதியில் நூற்றுக்கும் மேற்பட்ட ஏரிகள் இருக்கின்றன. அவற்றின் சேற்றை நம் விஞ்ஞானிகளும் எடுத்து ஆராய்ந்திருக்கிறார்கள். நாளை அந்தக் குழாயை இறக்கும் கை உங்களுடையதாக இருக்கலாம்.

அதற்கு இன்றே ஒரு பயிற்சி. உங்கள் ஊரில் படிக்கட்டுள்ள குளம் இருந்தால், மாதத்தின் முதல் தேதியில் பெரியவர் யாரையாவது கூட்டிக்கொண்டு போங்கள். தண்ணீருக்கு மேலே எத்தனை படி தெரிகிறது என்று எண்ணி, தேதியோடு ஒரு நோட்டில் எழுதுங்கள். ஒரு வரி போதும். ஸ்காட் எழுதியதும் ஒரே ஒரு எண்தான்!

கடைசி பெஞ்சு மாணவியே, நீ இன்று எங்கே இருக்கிறாயோ! உன் பிள்ளைகள் இந்தப் பக்கத்தைப் படித்தால் சொல்லச் சொல்: "அந்தக் குளிரை அளந்து எழுதி வைத்தது ஏரி, அம்மா!"